செமி-கஸ்டம் எலெக்ட்ரிக் கிட்டார்: பிறகு மாற்ற முடியாததில் பணத்தைப் போடுங்கள்

ஆர்டர் பக்கத்தைத் திறந்ததும் முதலில் வருவது நிறம். அடுத்து மேற்பலகைக்கான மரம், பிறகு ஹார்டுவேர் பொன்னிறமா கறுப்பா என்ற கேள்வி. நெக் (கை பிடிக்கும் நீண்ட கழுத்து) எவ்வளவு பருமன், ஃப்ரெட் (அதன் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) எவ்வளவு உயரம், ஃப்ரெட்போர்டின் (அந்தக் கம்பிகளைத் தாங்கும் பலகையின்) வளைவு என்ன என்பதெல்லாம் பக்கத்தின் அடியில் எங்கோ கிடக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் கையிருப்பில் பாதி பர்ள் (கணுவும் சுருள் கோடுகளும் உள்ள) மரத்துக்கும் மினுமினுப்புக்கும் போயிருக்கும். கிட்டார் வீட்டுக்கு வந்த பிறகு நாள்தோறும் கைபடுவது நெக்கிலும் ஃப்ரெட்டிலும்தான். அதனால் அந்தப் பக்கத்தை அடியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.

செமி-கஸ்டம் என்பதன் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். பாடியின் வடிவம், ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), ஹெட்ஸ்டாக் (ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனர்கள் உள்ள தலைப்பகுதி), இவற்றை வெட்டும் அச்சுகள் எல்லாம் கம்பெனியிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும். அவர்கள் தரும் பட்டியலுக்குள் நின்று நீங்கள் தேர்வு செய்கிறீர்கள். முழு கஸ்டம் என்றால் ஒரு லூத்தியர் (கிட்டார் செய்யும் கைவினைஞர்) உங்களுக்காகப் புதிதாக வரைந்து செய்வார். விலையும் காலமும் பல மடங்கு. பட்டியலில் இல்லாத ஒன்றை ‘செய்து தருகிறோம்’ என்று செமி-கஸ்டம் கம்பெனி சொன்னால், அந்த வேலையை அவர்கள் முன்பு எத்தனை முறை செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அச்சு இல்லாமல் முதல்முறை செய்யும் வேலையில்தான் தவறு நேரும்.

மூன்று வழிகள்

அமெரிக்காவில் இதற்கு மூன்று வகையான கடைவாசல் உண்டு.

தொழிற்சாலையிலிருந்தே நேரடியாக விற்பது ஒன்று. இதற்கு நல்ல உதாரணம் கலிஃபோர்னியாவின் கீசல் கிட்டார்ஸ். லோவெல் கீசல் 1946-ல் தொடங்கிய தொழில் அது. கார்சன், காவின் என்ற மகன்களின் பெயரைச் சேர்த்து ‘கார்வின்’ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் விற்றார்கள். 2015-ல் கிட்டார் பிரிவு கீசல் என்ற பெயரில் தனியானது. நடுவில் கடைக்காரர் இல்லாததால் அந்த லாபப் பங்கு விலையில் சேராது. வாங்குமுன் கையில் எடுத்து வாசித்துப் பார்க்கவும் முடியாது. விலையில் கிடைக்கும் லாபத்துக்கு நீங்கள் ஏற்கும் ஆபத்து இதுதான்.

இரண்டாவது, பெரிய கம்பெனியின் தேர்வுப் பட்டியல். ஃபெண்டரின் மாட் ஷாப் அப்படிப்பட்டது. தேர்வுகள் குறைவு. ஆனால் உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த டெக்னிஷியனுக்கும் அந்தக் கிட்டாரின் அமைப்பு பழக்கம். பின்னாளில் விற்கும்போதும் ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயருக்கு மதிப்பு நிற்கும்.

மூன்றாவது, பாடியையும் நெக்கையும் தனித்தனியாக வாங்கிக் கோர்ப்பது. வாஷிங்டன் மாநிலம் புயாலப்பில் உள்ள வார்மத் இதில் மூத்த பெயர். நெக் விஷயத்தில் இவர்கள் தரும் தேர்வு மிகப் பரந்தது. நெக்கின் பருமனில் மட்டும் பல வகை: ‘ஸ்டாண்டர்டு தின்’ முதல் ஃப்ரெட்டில் 0.800 அங்குலம், பன்னிரண்டாவதில் 0.850, ‘ஃபேட்பேக்’ நெடுக ஒரே ஒரு அங்குலம். விலை மலிவாகத் தெரியும். ஆனால் நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் அமரும் சிறு கட்டையின்) பள்ளங்களை ஆழப்படுத்துவது, ஃப்ரெட்டுகளைச் சமன் செய்வது, சால்டரிங், செட்டப் (ஸ்ட்ரிங் உயரம் முதலியவற்றைச் சரிசெய்வது) எல்லாம் உங்கள் தலையில். டெக்னிஷியன் கூலியை முன்கூட்டியே கேட்டுச் சேர்த்துக்கொள்ளாமல் ‘பாதி விலை’ என்று கணக்குப் போடாதீர்கள்.

பாகமாக வாங்குபவர்கள் அதிகம் தவறுவது துளைகளின் அளவில். பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாகம் பிரிட்ஜ்; கைப்பிடியால் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ் ட்ரெமலோ. இரண்டு தூண் ட்ரெமலோவில் ஃபெண்டர் வகைக்குத் தூண்களின் இடைவெளி சுமார் 56 மி.மீ.; ஸ்ட்ரிங்கைப் பூட்டி நிறுத்தும் ஃப்ளாய்ட் ரோஸ் வகைக்கு 74 மி.மீ. ஒன்றுக்குத் துளையிட்ட பாடியில் மற்றது உட்காராது. ட்யூனர் துளையும் அப்படியே. பழைய க்ளூசன் வகைக்குச் சிறிய துளை, இன்றைய வகைகளுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. சிறிய துளையைப் பெரிதாக்கலாம். பெரிய துளைக்கு உலோக வளையம் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். முதலில் பிரிட்ஜையும் ட்யூனரையும் முடிவு செய்யுங்கள், மரத்தை அப்புறம் ஆர்டர் செய்யுங்கள்.

யாருக்கு இது தேவை

கடையில் தொங்கும் கிட்டார் ஒன்று உங்கள் கைக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) மட்டும் பிடிக்கவில்லை என்றால் அதையே வாங்கிப் பிக்கப்பை மாற்றுங்கள். செமி-கஸ்டம் தேவைப்படாது. இடது கைக்காரர்கள், ஏழு எட்டு ஸ்ட்ரிங் வாசிப்பவர்கள், தாழ்ந்த ட்யூனிங்குக்கு நீண்ட ஸ்கேல் வேண்டுபவர்கள், முதுகுவலியால் எடை குறைந்த ஹெட்லெஸ் (ஹெட்ஸ்டாக் இல்லாத கிட்டார்) தேடுபவர்கள், கடைக் கிட்டார்களின் நெக் எதுவும் கைக்கு ஒத்துவராதவர்கள் ஆகியோருக்குத்தான் இது கொடுக்கும் பணத்துக்கு முழுப் பலன் தரும். குறிப்பாக இடது கைக்காரர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் தேர்வு வேதனைப்படும் அளவுக்குக் குறைவு.

நெக்: அளந்து ஆர்டர் செய்யுங்கள்

‘மெல்லிய நெக் பிடிக்கும்’ என்று சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் மெல்லியது இன்னொன்றின் நடுத்தரம். இப்போது உங்களிடம் இருப்பதில், அல்லது நண்பரிடம் இருப்பதில், கைக்கு மிகப் பிடித்த கிட்டாரை எடுங்கள். ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, முதல் ஃப்ரெட்டை ஒட்டியும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை ஒட்டியும் வெர்னியர் காலிப்பரால் பருமனை அளந்து எழுதுங்கள். ஃப்ரெட்டின் உலோகத்தைச் சேர்க்காதீர்கள். ஃப்ரெட்போர்டின் மேற்பரப்பிலிருந்து நெக்கின் முதுகு வரைதான் கணக்கு. கம்பெனியும் அப்படித்தான் அளக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் கையில் நன்றாகவே தெரியும். பருமன் ஒன்றாக இருந்தாலும் முதுகின் வடிவம் வேறானால் பிடி மாறும். ‘டி’ வடிவத்தில் இரு தோள்களும் நிறைந்திருக்கும், ‘சி’ வடிவத்தில் சரிந்திருக்கும். கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடித்து வாசிப்பவர்களுக்குப் பெரும்பாலும் தோள் சரிந்த நெக்தான் ஒத்துப்போகும்.

நட்டின் அகலத்தையும் அளங்கள். இன்றைய ஃபெண்டர்களில் 42.8 மி.மீ., பழைய அளவில் 41.9. ஒரு மி.மீ.க்கும் குறைவான இந்த வித்தியாசம் முதல் பொசிஷனில் திறந்த கார்டு பிடிக்கும்போது, பக்கத்து ஸ்ட்ரிங்கில் விரல் இடிக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும்.

அடுத்தது ஸ்கேல், அதாவது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் நீளம். ஃபெண்டருக்கு 25.5 அங்குலம், கிப்சனுக்குப் பெயரளவில் 24.75, பால் ரீட் ஸ்மித்துக்கு 25. அதே ஸ்ட்ரிங், அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 24.75-லிருந்து 25.5-க்குப் போனால் சுமார் 6 சதவீதம் விறைப்பு கூடுகிறது. 27 அங்குல பாரிடோனில் (தாழ்ந்த சுருதிக்கான நீண்ட கிட்டாரில்) 25.5-ஐவிடச் சுமார் 12 சதவீதம் அதிகம். இது ஏறக்குறைய ஒரு அரைச்சுர வித்தியாசம். ஆகவே அதே ஸ்ட்ரிங் செட்டை 27 அங்குலத்தில் மாட்டி அரைச்சுரம் இறக்கினால், 25.5-ல் சாதாரண ட்யூனிங்கில் இருந்த அதே இறுக்கம் விரலுக்குக் கிடைக்கும். ‘சி’ சுரம் வரை இறக்கி வாசிப்பவர்கள் ஸ்கேலை நீட்டினால் மட்டும் போதாது, ஸ்ட்ரிங்கையும் தடித்ததாக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும்.

ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவை ரேடியஸ் என்பார்கள். பழைய ஃபெண்டருக்கு 7.25 அங்குலம், இன்றையதற்குப் பொதுவாக 9.5, கிப்சனுக்கு 12. எண் சிறிதானால் வளைவு அதிகம். கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் ஆக்‌ஷனைத் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை) தாழ்த்தி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கை ஒரு முழுச் சுரம் வளைத்தால், நடுவில் மேடாக இருக்கும் ஃப்ரெட்டில் அது உரசி ஒலி அறுந்துபோகும். நட்டருகே வளைந்தும் மேலே போகப்போகத் தட்டையாகவும் இருக்கும் கலப்பு ரேடியஸ் இதற்குத் தீர்வு. வார்மத்தின் 10–16 அங்குல நெக் பரவலாகத் தெரிந்த உதாரணம்.

ஃப்ரெட்டுக்கு ஜிம் டன்லப்பின் எண்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 6105 என்றால் 0.090 அங்குல அகலம், 0.055 உயரம். 6100 அதே உயரத்தில் 0.110 அகலம். 6150-க்கு 0.102 அகலம், 0.042 உயரம். ‘மீடியம் ஜம்போ’ என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொன்றுக்குச் சொல்வதால் அகலம், உயரம் இரண்டையும் எண்ணில் கேளுங்கள். பிடியை இறுக்கி அழுத்தும் பழக்கம் இருந்தால் உயரமான ஃப்ரெட்டில் சுருதி ஏறும். கமகம்போல் ஸ்ட்ரிங்கை வளைத்து அசைத்து வாசிப்பவருக்கு அதே உயரம்தான் உதவும், விரல்நுனி மரத்தில் உராயாது.

ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் பட்டியலில் இருந்தால் எடுங்கள். தொழிற்சாலையில் இதற்குக் கேட்கும் கூடுதல் தொகை, பின்னாளில் தேய்ந்த ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிப் புதிதாக அடிக்க ஆகும் கூலிக்கு முன் சிறியது. சாதாரண நிக்கல்-சில்வர் ஃப்ரெட்டில் வெள்ளி கிடையாது. அது தாமிரம், நிக்கல், துத்தநாகக் கலவை. அது ஸ்ட்ரிங்கின் கீழ் பள்ளம் விழுந்து தேயும். ஸ்டெயின்லெஸ் பல ஆண்டுகள் தேயாது. ஆனால் அடித்த வேலை மோசமாக இருந்தால் சரிசெய்வது கடினம், சில டெக்னிஷியன்கள் அதைத் தொடவே தயங்குவார்கள்.

மரமும் இணைப்பும்

நெக்கைத் திருகில் மாட்டுவது, பசையில் ஒட்டுவது, பாடியின் நடுவே முழு நீளத்துக்கு ஓடவிடுவது (நெக்-த்ரூ) என மூன்று விதம். ஒலியில் என்ன வித்தியாசம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். பழுதுபார்ப்பில் உள்ள வித்தியாசத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. திருகு நெக் முறுக்கிக்கொண்டால் நான்கு திருகைக் கழற்றி வேறு நெக் மாட்டலாம். நெக்-த்ரூ முறுக்கிக்கொண்டால் கிட்டாரே போயிற்று. தொலைதூரத்திலிருந்து வரவழைப்பவருக்கு என் கணிப்பில் திருகு நெக்கே சரி. வாரண்டியிலும் நெக்கை மட்டும் சிறு பெட்டியில் அனுப்பினால் போதும்.

வறுத்த மேப்பிள் கூடுதல் பணத்துக்குத் தகுந்தது. காற்றில்லாத சூளையில் சூடாக்கிய மரம் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும், பருவம் மாறும்போது நெக் அசைவது குறையும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இதன் பலன் தெரியும். ஆனால் வறுத்த மரம் எளிதில் பிளக்கும். ட்யூனரின் சிறு திருகுக்குச் சரியான துளையிடாமல் முறுக்கினால் விரிசல் விழும்.

ஃப்ரெட்போர்டுக்கு ரோஸ்வுட் என்றால் பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தபோது, செய்து முடித்த கிட்டாருக்கும் அனுமதிச் சான்று தேவைப்பட்டது. 2019 நவம்பரில் முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு விலக்கு இல்லை. 1992 முதலே அது மிகக் கடுமையான பிரிவில் இருக்கிறது. நாடு கடந்து வரவேண்டிய கிட்டாரில் அந்த மரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பிரிட்ஜும் ‘மாற்ற முடியாதது’ பட்டியலில்தான் வரும். ஃப்ளாய்ட் ரோஸுக்காக மரத்தில் பெரிய குழி வெட்டப்படும். அந்த மரம் திரும்ப வளராது. ஃப்ளாய்ட் ரோஸ் என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். ஒரிஜினல் ஜெர்மனியில் செய்தது, 1000 வரிசை கொரியாவில் செய்தது, ஸ்பெஷலில் சில பாகங்கள் துத்தநாகக் கலவை. அது விரைவில் தேய்ந்து சுருதி நிற்காது. ஹெட்லெஸ்ஸில் ட்யூனரே பிரிட்ஜில் இருப்பதால் பத்தாண்டு கழித்து அந்தப் பாகம் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. பிரபலமான தனித் தயாரிப்பாளரின் பிரிட்ஜ் என்றால் கவலை குறைவு.

பிக்கப், ட்யூனர், குமிழ், ஸ்விட்ச் ஆகியவற்றில் அவசரப்பட வேண்டாம். ஒரு மாலைப்பொழுதில் சால்டரிங் இரும்பை வைத்து மாற்றிவிடலாம். பிக்கப்புக்காக வெட்டும் குழியை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள்) 250, இஎம்ஜி ஆக்டிவுக்கு (பேட்டரியில் இயங்கும் பிக்கப்) 25 என்ற வால்யூம் பாட் (ஒலியளவுக் குமிழின் மின்தடை) அளவு பொதுவான நடைமுறை. ஆக்டிவ் போடும் எண்ணம் இருந்தால் 9 வோல்ட் பேட்டரிக்கான அறையை இப்போதே வெட்டச் சொல்லுங்கள்.

மேற்பலகை அழகுக்கு மட்டும்தான். அழகும் வேண்டும், தவறில்லை. ஆனால் மரத்தின் கோடுகள் ஒவ்வொரு பலகையிலும் மாறும். ‘இணையதளத்தில் பார்த்ததுபோல் இல்லை’ என்ற புகாரை எந்தக் கம்பெனியும் ஏற்காது. உங்கள் பலகையைப் படமெடுத்துக் காட்டி ஒப்புதல் வாங்குவார்களா, அதற்கு எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். பர்ள் மரத்தில் இயற்கையான ஓட்டைகளைப் பிசின் ஊற்றி அடைப்பது வழக்கம்; அது குறை அல்ல.

விலையை எப்படிக் கூட்டுவது

ஒவ்வொரு தேர்வுக்கும் எதிரே இரண்டு எண்களை எழுதுங்கள்: இப்போது கூடும் தொகை, பின்னால் அதையே செய்ய ஆகும் தொகை. ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட்டில் இரண்டாவது எண் பல மடங்கு பெரிது, எடுங்கள். பிக்கப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, பழையதை விற்கவும் முடியும், தள்ளிப்போடுங்கள். நெக்கின் வடிவத்தில் இரண்டாவது எண் புது நெக்கின் விலை, நெக்-த்ரூவில் புதுக் கிட்டாரின் விலை.

மறுவிற்பனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் ரசனைக்காகக் கொடுத்த தொகையை அடுத்தவர் தரமாட்டார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உங்கள் பெயரைப் பதித்த கிட்டாரை வாங்க ஆள் கிடைப்பது அரிது. ஓரிரு ஆண்டில் விற்கக்கூடும் என்ற எண்ணம் இருந்தால் எளிய நிறம், ஆறு ஸ்ட்ரிங், வழக்கமான ஸ்கேல் என்று நில்லுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரி கிட்டாரின் விலைக்கு மட்டும் அல்ல; அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. அந்த வரியையும் கூட்டிய பிறகு வருவதன் மேல் ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி). உதாரணத்துக்குக் கிட்டார் 1,800 டாலர், அனுப்ப 200, காப்பீடு 20 என்றால் அடிப்படை 2,020. சுங்கம் 10, ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,222 ஆகி, பிறகு சுமார் 2,622 டாலராகும். விகிதங்கள் மாறும், அன்றைய நிலவரத்தைப் பார்த்துப் போடுங்கள். முக்கியமான விஷயம் வேறு: திருப்பி அனுப்பினால் கிட்டாரின் விலை மட்டும்தான் கம்பெனியிடமிருந்து திரும்பும். போகவர ஆன அனுப்புச் செலவை அவர்கள் தரமாட்டார்கள். கட்டிய வரியைச் சுங்கத்துறையிடம் திரும்பக் கேட்பதோ தனியாக ஒரு நெடிய வேலை. தூரத்து வாங்குபவருக்குத் ‘திருப்பித்தரும் வசதி’ காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணியே முடிவெடுங்கள்.

உள்ளூர்க்காரருக்கும் அதில் ஒரு கண்ணி உண்டு. சில தேர்வுகளைச் சேர்த்தால் திருப்பித்தரும் உரிமை போய்விடும். கீசலிலும் இந்த முறை உண்டு. எந்தத் தேர்வு அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

சேவையை முன்பணத்துக்கு முன்பே சோதியுங்கள்

விற்பனைக்கு முந்தைய பதிலே விற்பனைக்குப் பிந்தைய சேவையின் மாதிரி. குறிப்பான கேள்விகள் நான்கைந்தை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். நெக் பருமன் இரண்டு இடத்திலும் எவ்வளவு, அதில் எவ்வளவு கூடக்குறைய வரலாம்? 10–52 பருமன் ஸ்ட்ரிங் மாட்டி, ‘டிராப் சி’ ட்யூனிங்கில் (ஆறாவது ஸ்ட்ரிங் ‘சி’ வரை இறங்குவது) செட்டப் செய்து அனுப்புவீர்களா? வாரண்டியில் அனுப்புச் செலவை யார் ஏற்பது, வெளிநாட்டுக்கும் அதேதானா? ஃப்ரெட் நுனி வெளியே துருத்தினால் வாரண்டி உண்டா? வழியில் உடைந்தால் காப்பீட்டுக் கோரிக்கையை யார் போடுவது?

எண்ணைக் கேட்ட இடத்தில் எண்ணே வந்தால் நல்ல அறிகுறி. ‘எங்கள் கிட்டார்களைப் பற்றிக் கவலையே வேண்டாம்’ என்ற வகைப் பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். மறுபடியும் அதே என்றால் விலகுங்கள். ‘அது எங்களால் முடியாது’ என்று நேராகச் சொல்லும் கம்பெனியை நம்பலாம். மதிப்புரைகளைப் படிக்கும்போது பாராட்டுகளைத் தாண்டி, குறையோடு வந்த கிட்டாருக்கு என்ன நடந்தது என்பதைத் தேடுங்கள்.

ஆர்டர் உறுதிச் சீட்டு வந்ததும் வரிவரியாகச் சரிபாருங்கள். எத்தனை ஸ்ட்ரிங், எந்தக் கை, ஸ்கேல், நெக், ரேடியஸ், ஃப்ரெட் எண், பிரிட்ஜ் மாடல் எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ஒத்துக்கொண்டது சீட்டில் இல்லையென்றால் அது ஒத்துக்கொள்ளப்படவில்லை. எந்த நாள்வரை மாற்றலாம் என்று கேட்டு அந்த நாளைக் குறித்துவையுங்கள். மரம் வெட்டிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள். சொன்ன காலத்துக்கு மேல் தாமதமாவது இந்தத் தொழிலில் சகஜம். கச்சேரித் தேதியை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள்.

பெட்டி வந்த நாள்

பிரிக்கும் முன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படமெடுங்கள், பிரிப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். குளிர்ந்த ஊரிலிருந்தோ விமானத்திலிருந்தோ வந்த பெட்டியை ஒரு நாள் அறையிலேயே மூடிவைத்த பிறகு திறப்பது நல்லது. சடாரென்ற வெப்ப மாற்றத்தில் மெல்லிய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) வார்னிஷ் பூச்சு வெடிக்கும்.

முதலில் ட்யூன் செய்யுங்கள். ட்யூன் செய்யாமல் எடுத்த எந்த அளவும் பொய். அடுத்து ரிலீஃப், அதாவது நெக்கின் சிறு வளைவு: முதல் ஃப்ரெட்டில் கேபோ (ஸ்ட்ரிங்குகளை அழுத்தும் கிளிப்) மாட்டி, நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாவது ஸ்ட்ரிங்கை அழுத்தி, ஏழு எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ. அளவில் இருந்தால் சரி. ஒன்றுமே இல்லையென்றாலோ இரண்டு மடங்கு இருந்தாலோ ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் வளைவு திருத்தும் கம்பியை) கால் சுற்று திருப்பி, சற்று நேரம் விட்டு மறுபடி அளங்கள். ராட் திரும்பவே மறுத்தால் பலம் போடாதீர்கள்; அது வாரண்டிக்குரிய குறை. பதினேழாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் 1.6 மி.மீ. சுற்றி இருப்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். ஆறு ஸ்ட்ரிங், 24 ஃப்ரெட் என்றால் 144 சுரங்கள். கால் மணி நேர வேலை. கரகரப்பு எங்கே வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் என்றால் ரிலீஃப் குறைவு. திறந்த ஸ்ட்ரிங் மட்டும் சிதார்போல் ரீங்கரித்தால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. பன்னிரண்டுக்கு மேல் மட்டும் என்றால் ஆக்‌ஷன் தாழ்வு, அல்லது நெக்கின் அடிப்பகுதி மேடாகத் தூக்கியிருக்கிறது. இந்த இரண்டாவதைச் செட்டப் தீர்க்காது. ஒரே ஓர் இடத்தில் என்றால் அடுத்த ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. மூன்று ஃப்ரெட்டின் மேல் சிறு நேர்க்கட்டையை வைத்து ஆடுகிறதா என்று பார்த்தால் உறுதியாகும். புதுக் கிட்டாரில் இது கம்பெனியின் குறையே. நீங்கள் தேய்த்துச் சரிசெய்யாதீர்கள்.

முதல், ஆறாவது ஸ்ட்ரிங்குகள் ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா? ஒரு பக்கம் சரிந்திருந்தால் நெக் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. திருகு நெக்கில் இது பெரும்பாலும் திருகைச் சற்றுத் தளர்த்தி இழுத்து இறுக்கினாலே தீரும். ஃப்ரெட்போர்டின் ஓரத்தை உள்ளங்கையால் நெடுகத் தடவுங்கள். நுனிகள் குத்தினால் வழியில் மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது.

கேட்ட பிக்கப்தானா என்று திறக்காமலே பார்க்கலாம். கேபிளைக் கிட்டாரில் சொருகி வால்யூமை முழுதும் ஏற்றி, மறுமுனையின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் ஓம் அளவு எடுங்கள். உதாரணத்துக்கு, பிரிட்ஜ் பக்கம் சேமூர் டங்கன் கம்பெனியின் ஜேபி பிக்கப் என்றால் 16 கிலோ ஓமை ஒட்டி வரும், நெக் பக்கம் அவர்களின் ஜாஸ் என்றால் ஏழரையை ஒட்டி. வால்யூம் பாட் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் சற்றுக் குறைத்தே காட்டும். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் நிலையில் ஐந்து சொச்சம் வரவேண்டும். ஆக்டிவ் பிக்கப்பில் இந்தச் சோதனை செல்லாது.

குறை கண்டால் அன்றே எழுதுங்கள். ‘தரமில்லை’ என்று எழுதினால் நான்கு மின்னஞ்சல் வீணாகும். ‘பி ஸ்ட்ரிங், 14-வது ஃப்ரெட், ரிலீஃப் 0.25, பதினேழில் உயரம் 1.6, 15-வது ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது, படமும் ஒலிப்பதிவும் இணைப்பில்’ என்று எழுதினால் முதல் பதிலிலேயே பேச்சு தீர்வுக்கு வந்துவிடும். சிறு குறையை உள்ளூர் டெக்னிஷியனிடம் சரிசெய்து, ரசீதைக் காட்டிப் பணம் பெறலாமா என்று கேளுங்கள். கடல் கடந்து திருப்பி அனுப்புவதைவிட இரு தரப்புக்கும் மலிவு என்பதால் பல கம்பெனிகள் சம்மதிக்கும். ஆனால் எழுத்தில் சம்மதம் வருமுன் யாரையும் கை வைக்க விடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

முதல் ஆறு மாதம் நெக் உங்கள் ஊரின் காற்றுக்குப் பழகும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் மிக நல்லது. மழைக்காலத்தில் அதற்கு வழியில்லையென்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளையும் சின்ன ஈரப்பதமானியையும் போட்டு மூடுங்கள். மாதம் ஒருமுறை ரிலீஃபை அளந்து தேதியோடு எழுதிவாருங்கள். இரண்டு மூன்று முறை கால் சுற்று திருப்ப வேண்டிவரலாம், அது இயல்பு. ஒவ்வொரு மாதமும் ஒரே திசையில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், அந்தக் குறிப்பேட்டைப் படமெடுத்து வாரண்டி முடியும் முன் கம்பெனிக்கு அனுப்புங்கள்.